சுண்டுவிரல் அளவுப் புழு

...கூப்பிடுவான், எப்படியும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும், வேறு வழி ஏது, அத்தனை பேர் முன்னால் அந்த மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு டெல்மர் என்ன செய்துவிடப் போகிறான், தூண்டில் முள்ளை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன், ஆகவே திரும்பிப் பார்த்து "லவோன், இங்க வா" என்பான், அப்போது உடனே எழுந்து ஓடிவிடக் கூடாது, தட்டில் மிச்சமிருக்கும் மீனை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ வேறு யோசனையில் இருந்தவள் மாதிரி நிதானமாகப் போகவேண்டும். நீலச் சட்டையை நேற்றே தேய்த்து மாட்டியது இதற்காக இல்லை என்று காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், இதற்காகத்தான், யாரிடம் மறைக்க... ஏரிக்கரைக் கொட்டகையில் கெளுத்தி மீன் சோளமாவில் புரண்டு எண்ணெயில் பொரிகிறது, மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் காகிதத் தட்டோடு முண்டியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், வசந்தகால மீன்பிடிப் போட்டி முடிந்தால் இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம், ஜெயித்தவன் எந்தப் புழுவால் ஜெயித்தானோ அதை எப்படி முள்ளில் ஏற்றினான் என்று மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் செய்து காட்டவேண்டும், ஒளித்து வைத்தால் மானக்கேடு. இத்தனை வருடம் இரண்டாம் இடத்திலேயே குடியிருந்த அவள் புருஷன் டெல்மர் இந்த வருடம் ஜெயித்துத் தொலைத்துவிட்டான். இப்போது மாட்டிக்கொண்டான், பாவம். பாவம் என்றா நினைத்தாள்? வாய்க்குள் சிரிப்பு வருகிறதே.

புழு என்றால் மண்ணில் நெளியும் புழு இல்லை, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மெத்தென்ற பிளாஸ்டிக், பச்சைப் பூசணி நிறம், பெரிய பெரிய மீன் பொம்மைகளைத் தூண்டிலில் கட்டி வீசுகிற ஆண்பிள்ளைகள் அதைப் பார்த்து ஜெல்லி மிட்டாய் என்று கேலி செய்வார்கள், செய்யட்டும், பெரிய புழுவைக் குருடன்கூட முள்ளில் ஏற்றலாம், சின்னதுதான் மானத்தை வாங்கும். தலையின் நட்டநடுவில் குத்தவேண்டும், ஒரு நகக்கண் ஆழம் போனதும் அடிப்பக்கமாக வெளியே எடுத்து முள்ளின் கழுத்து மறையும்வரை இழுக்கவேண்டும், பிறகு முள்ளைத் திருப்பி, உடம்போடு ஒட்டி வைத்துப் பார்த்து, வளைவு எங்கே தொடுகிறதோ அங்கே மறுபடி குத்தி, முதுகில் எட்டிப் பார்க்கும் நுனியை மேல்தோலில் பட்டும் படாமல் செருகிவிட வேண்டும், அப்போதுதான் பாசியில் சிக்காமல் மீன் வாயில் மட்டும் ஏறும். மயிரிழை தள்ளிப்போனாலும் புழு கோணிக்கொள்ளும், கோணின புழு தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், இந்த ஏரியோ அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர், பாஸ் மீன் கிட்டே வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் வேலையைப் பார் என்று திரும்பிப் போய்விடும். லவோன் ஏற்றின புழு சுற்றாது. ஒரு நாளும் சுற்றியதில்லை. இதில் அடக்கம் எதற்கு, உண்மை அதுதான்.

சட்டை ஆலையில் அவளுக்குக் காலர் முனை புரட்டுகிற வேலை, காலரை உள்ளிருந்து வெளியே புரட்டி இரண்டு முனையையும் ஒரே கூர்மையாக எடுக்கவேண்டும், ஒன்று ஒரு நூல் மழுங்கினாலும் போட்டுக்கொள்கிறவனின் முகமே கோணலாகத் தெரியும், அந்த வரிசையில் அவள் கை பட்டது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம்... அதை நினைக்கவேண்டாம், சமையல் மேசையில் கையை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சன்னலைப் பார்த்தது, டெல்மர் கேட்டதற்கெல்லாம் ம் என்று மட்டும் சொன்னது. பனி உருகின சமயத்தில்தான் அவன் ஒரு புழுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டான், என் விரல் தடியாக இருக்கிறது, இந்தச் சனியன் நழுவுகிறது, உனக்கு வருகிறதா பாரேன் என்றான், ஒன்றை ஏற்றிக் காட்டவும் செய்தான், அய்யோ, அதைப் புழு என்றா சொல்வது, சுருட்டின சாக்ஸ் மாதிரி இருந்தது. அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றுவரை அவன் படகிலிருக்கும் தூண்டில்கள் அத்தனையிலும் அவள் கைதான், முதல்நாள் மாலை மேசையில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள், அவன் எதிரில் காபியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். ஊரெல்லாம் டெல்மரின் கைராசி என்று பேசுகிறது. தேவாலய வாசலில் ஒருவன் அவன் கையைப் பிடித்துத் தடவியே பார்த்தான். அவளும் பக்கத்தில் நின்று சிரித்தாள். ஆர்லிஸின் தூண்டில் கடைச் சுவரில் டெல்மர் பெரிய மீனோடு நிற்கிற படம் இருக்கிறது, எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள், அவள் மீனின் வாயோரத்தில் தொங்கும் அந்தப் பச்சைத் துணுக்கை மட்டும் பார்ப்பாள், என் கையெழுத்து என்று நினைத்துக்கொள்வாள், யாருக்கும் படிக்கத் தெரியாத கையெழுத்து. அதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் சுகம் எத்தனை வருடத்துக்குப் போதும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால்...

அந்த ஆர்லிஸ்தான் ஒலிபெருக்கியைத் தட்டுகிறான். "டெல், மேல வாய்யா. சாமிய வேண்டிக்கிட்டு ஜெயிச்சியா, இல்ல நெசமாவே வேலை தெரியுமான்னு இப்பப் பாத்துடலாம்." கொட்டகையே சிரிக்கிறது. டெல்மர் எழுந்து போகிறான், கால்சட்டையை இழுத்து விட்டுக்கொள்கிறான், மேசையில் முள்ளும் புழுவும், பக்கத்தில் கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர், புழு நேராக இறங்குகிறதா சுற்றுகிறதா என்று ஊரே பார்க்கலாம். அவளுக்குச் சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை, இப்போதே எழுந்து போய்விடலாமா, அவன் முகம் சிறுத்துப் போவதைப் பார்க்க முடியாது, அவள் கைக்குக் கிடைக்கிற பெருமை அவனுடைய அவமானத்திலிருந்துதான் வரவேண்டுமா, கூப்பிடுடா மடையா, முள்ளைத் தொடுவதற்கு முன்னால் கூப்பிடு... பாதி எழுந்தேவிட்டாள், தட்டு மடியிலிருந்து சரிந்தது, பக்கத்திலிருந்த ட்ரூடி, டெல்மரின் தம்பி மனைவி, அதைப் பிடித்து, "உக்காருடி, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றாள்.

அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புழுவை எடுத்தான். தலையின் நட்டநடுவில் முள் இறங்கியது, ஒரு நகக்கண், வெளியே வந்தது, இழுத்தான், திருப்பினான், உடம்போடு வைத்துப் பார்த்தான், குத்தினான், நுனியைத் தோலில் செருகினான். அவ்வளவுதான். கோணல் இல்லை. தடுமாற்றம்கூட இல்லை, ஏதோ தினமும் செய்கிறவன் மாதிரி, அந்த விரல்கள் தடிமனா என்ன, யார் சொன்னது தடிமன் என்று, ஊரில் எந்த ஆணுக்கும் இருக்கிற விரல்கள்தானே... ஆர்லிஸ் அதை வாங்கித் தொட்டியில் விட்டான். சுற்றவில்லை. நேராக இறங்கி, அடியில் தலையை ஊன்றி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கை தட்டினார்கள், விசிலடித்தார்கள். அவளும் தட்டினாள் போலிருக்கிறது, உள்ளங்கை எரிந்தது.

"இது எங்கய்யா கத்துக்கிட்ட?" என்று ஆர்லிஸ் கேட்க, டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா தானா வந்துடும்" என்றான், ஆட்கள் மீனைச் சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். ட்ரூடி விலாவில் இடித்தாள். "கவனிச்சியா, முள்ளு ஏத்தறப்ப நாக்கை ஓரமாத் துருத்திக்கிட்டான். அப்படியே உன்ன மாதிரி." நானா, நான் எங்கே நாக்கைத் துருத்துகிறேன் என்றாள் லவோன். "ஆமா, உனக்குத் தெரியாது பாரு. ஊசியில நூல் கோக்கறப்பல்லாம் மூணு வயசுப் பிள்ளை படம் வரையற மாதிரிதான் இருப்ப. நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

அப்படியானால் எப்போதிலிருந்து, போன வருடமா, பத்து வருடத்துக்கு முன்னாலா, இல்லை அந்தப் பனி உருகின நாளிலேயே தெரியுமா, அந்தச் சாக்ஸ் சுருட்டல் வேண்டுமென்றே செய்ததா, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும் என்று... அப்படி இருந்தால் அவள் பெருமைப்பட்டது அத்தனையும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையா? இல்லை, பிச்சை போடுகிறவன் அன்றைக்கே நிறுத்தியிருப்பான், நாக்கு வரைக்கும் படித்துவைக்க மாட்டான், தனக்கே தெரியாத தன் நாக்கு... அது அவளிடமிருந்துதான் போயிருக்கிறது, அந்தக் கை அவள் கைதான், மேடையில் ஏறினதும் அவள்தான், கை தட்டினதும் அவளுக்குத்தான். அப்படித்தானே? நெஞ்சு விம்மியது, கோபமும் கூடவே ஏறியது, இரண்டில் எது பெரிது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அவன் வந்து நின்றான், கையில் ஒரு தூண்டிலும் புழுப் பொட்டலமும்.

"சாயங்காலம் கொஞ்ச நேரம் போலாம்னு ஆர்லிஸ் கூப்பிடறான். இதுல ஒண்ணு போட்டுக் குடேன்."

"ஏன், உனக்குத்தான் வருதே."

"வருது." காதைச் சொறிந்தான். "நீ போட்டாத்தான் எனக்குப் புடிச்சிருக்கு."

"எப்பலேர்ந்து வருது உனக்கு?"

"மீன் ஆறுது, சாப்பிட்டியா?" என்றான், பெரிய சாமர்த்தியசாலி.

வாங்கினாள். புழுவைப் பிடித்தாள், நடுவில் முள்ளை வைத்தாள், நாக்கு நினைவுக்கு வந்தது, வாயை இறுக மூடிக்கொண்டு குத்தினாள், புழு கோணிக்கொண்டது. லவோன் ஏற்றின புழு, கோணல். அதை உருவி எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள், துருத்தினால் துருத்தட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், இந்தக் கை யாருடையது என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, முள் நேராக இறங்கியது, வெளியே வந்தது, திரும்பியது, நுனியைச் செருகும்போது எதற்கோ சட்டென்று தலையை நிமிர்த்தினாள். டெல்மர் புழுவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிடிபட்டவன் மாதிரி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். இத்தனை வருடம் அந்த மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தும், குனிந்த தலையை அவள் ஒரு தடவைகூட நிமிர்த்திப் பார்த்ததில்லையே.