ஐந்தாவது கதவு

"காப்பி பண்ணிட்டு அப்புறமா சோதிச்சா என்ன குறைஞ்சிடும்?"

"அப்புறமா சோதிக்க முடியாதுக்கா. இந்தச் சோதனை ஒரு இடம் விடாம எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாக்கும். உள்ள ஏதாவது இருந்தா அழிஞ்சிடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எழுத ஒரு நாள். படிக்க ஒரு நாள்."

"ரெண்டு நாளா? புதுசுன்னுதானே காசு குடுத்து வாங்கினேன். பழசா இருந்தா நீ சொல்றது சரி."

"புதுசைத்தான்க்கா சந்தேகப்படணும். கெட்டுப்போற டிஸ்க்ல நிறைய, முதல் வாரத்துலயே செத்துடும்."

"வாயைக் கழுவு."

சாவு என்ற வார்த்தையை அலுவலகத்துக்குள் யார் சொன்னாலும் லியாவ் அக்காவுக்கு ஆகாது. பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் படத்தொகுப்புக் கூடத்தை நடத்துகிறார். சோங்ஹேயில் ஒரு பழைய குடியிருப்பின் இரண்டு அறைகள்தான் மொத்தக் கூடமும். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். அக்கா அப்போது ஒரு காலில் செருப்பும் இன்னொரு காலில் ஷூவுமாக நின்றுகொண்டிருந்தார். பத்தே முக்காலுக்குத் தாய்னான் ரயில். அங்கே அவருடைய நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். போகாவிட்டால் ஆயுள் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

"சரி, பண்ணு," என்றார். "துவான் வெள்ளிக்கிழமைதான் எடிட் பண்ண உக்காரப் போறான். அதுக்குள்ள முடியுமா?"

"நாளைக்கு மறுநாள் காலையில முடிஞ்சிடும். அப்புறம் காப்பி."

"புதுசை அஞ்சுல போட்டிருக்கேன். துவானோடது பக்கத்துலயே இருக்கு. அது மேல கை வச்சே, அவன் உன்னைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவான்."

அவர் போனதும் அறை திடீரென்று பெரிதானது. வெளியே, பிளம் பழுக்கும் பருவத்து மழை நான்காம் நாளாகப் பெய்துகொண்டிருந்தது.

துவான் ஆவணப்பட இயக்குநர். கணவாய் மீன் பிடிக்கும் கப்பலில் ஏறி, காவ்சியோங் துறைமுகத்திலிருந்து தென் அட்லாண்டிக் வரை போய், பதினான்கு மாதம் தனி ஆளாகப் படம் பிடித்துவிட்டுத் திரும்பியவர். கப்பலிலிருந்தபோதே நாள் வரிசைப்படி எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் நிரப்பி வந்திருந்தார். இரண்டாவது பிரதி ஒன்றும் இருந்தது. திரும்பும் வழியில் அது உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. அதனால் உலகத்தில் அந்தப் பதினான்கு மாதம் இருந்தது ஒரே ஒரு தட்டில். அதற்கு ஒரு துணை சேர்க்கத்தான் அக்கா, துவான் வாங்கிய அதே கடையில், அதே வகையில், அதே பதினெட்டு டெராபைட் தட்டை வாங்கி வந்திருந்தார்.

எங்கள் தட்டுப் பெட்டி ஒரு சின்ன அலமாரி போல இருக்கும். ஐந்து கதவுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பச்சை விளக்கு. மேலே எப்போதும் ஒரு பச்சைப் பொரிப் பொட்டலம். அதன் பெயருக்கே 'சமத்தாக இரு' என்றுதான் பொருள். அது மேலே இருக்கும்வரை இயந்திரங்கள் மக்கர் பண்ணாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மஞ்சள் நிறப் பொட்டலம் வைக்கக் கூடாது. காலாவதியானதும் கூடாது. நான் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தேன். ஆகஸ்ட் வரை இருந்தது. திருப்தியாக உட்கார்ந்தேன்.

சோதனை நிரல் ஐந்து வரி காட்டியது. முதல் மூன்று எங்கள் பழைய தட்டுகள். நான்காவதும் ஐந்தாவதும், வரிசை எண் தவிர, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. ஒரே வகை, ஒரே அளவு, இரண்டுக்கும் பெயரில்லை. துவான் தன் தட்டை வேறு வகைக் கணினியில் தயார் செய்திருந்ததால், இந்தச் சோதனைக் கணினிக்கு அதில் எதுவும் படிக்கத் தெரியவில்லை. அதன் கண்ணுக்கு இரண்டுமே வெற்றுத் தட்டுகள். வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் புதுத் தட்டு வந்த அட்டைப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அட்டைப்பெட்டி மேசைக்கு அடியில், எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் அக்கா சொல்லியிருந்தார். புதுசு அஞ்சுல.

ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதித்தேன். உறுதியா என்று இன்னொரு முறை கேட்டது. நான் எப்போதும் இரண்டாம் முறை கேட்கும்போது ஒரு கணம் நிற்பேன். அன்றும் நின்றேன். அந்த ஒரு கணத்தில் என்ன யோசித்தேன் என்றுதான் இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சுழியம் சதவீதம்.

அன்று முழுக்க எனக்கு உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனேன், நான்கு சதவீதம். ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த, உண்மையில் காயாமலே தொங்கிக்கொண்டிருந்த துண்டுகளை உள்ளே எடுத்துப் போட்டேன், ஆறு. மதியம் கீழே போய்ப் பன்றி விலாச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கி வந்தேன். பாதி சாப்பிட்டதும் பசி போய்விட்டது. பதினெட்டு. பெட்டியில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே மிக மெல்லிய ஒரு இரைச்சல், தூரத்தில் படகு போவது போல. தட்டு சுழல, அதன் மேல் முடியளவு உயரத்தில் ஒரு முனை மிதந்துகொண்டே எழுதுகிறது என்பார்கள். எனக்கு அது இருட்டுக் கடலில் விளக்குகளை எரியவிட்டுப் போகும் கணவாய்க் கப்பல் போலத் தோன்றியது. துவானின் படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு. போன வாரம் அவர் பக்கத்து அறைக் கணினியில் ஓட்டிக் காட்டியபோது அக்கா கொட்டாவி விட்டார். எனக்கு மட்டும் இரண்டு நாள் அந்த வெளிச்சம் கண்ணிலேயே நின்றது.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"என்ன ஆச்சு?"

"இருபத்தஞ்சு. ஒரு பிழையும் இல்ல."

"பாத்தியா, நல்ல டிஸ்க்தான். நான் பாத்து வாங்கினது. மாப்பிள்ளைதான் சரியில்ல. வந்ததுலேர்ந்து போனையே பாத்துட்டு இருக்கான்."

"இன்னும் எழுபத்தஞ்சு இருக்குக்கா."

"மாப்பிள்ளைக்கா?"

சிரித்தேன். போனை வைத்த பிறகும் எழுந்து நடந்தேன். பிழை வராததுகூட என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு சின்னப் பழுதாவது வந்தால், பார்த்தீர்களா அக்கா என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு நேரம் காத்ததற்கு ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும். அப்படி நினைத்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஐந்தரை தாண்டியபோது தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. எங்கள் தெருவில் அது மூன்று நிமிடம்தான் நிற்கும். விட்டால் சாப்பாட்டுப் பெட்டி இரவெல்லாம் நாறும். அதோடு சேர்த்துப் போட, அவசரமாகக் குனிந்து மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்தேன். அப்போது என் கண், தட்டுப் பெட்டியின் விளக்குகளுக்கு நேராக வந்தது.

ஐந்து என்று ஒட்டியிருந்த கதவின் கீழ் விளக்கு அசையாமல் எரிந்தது. அதற்கு அடுத்த கதவில் விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கதவா? ஐந்துக்கு அப்புறம் எப்படி அடுத்த கதவு? ஐந்து கதவுதானே மொத்தம்?

கதவுகளில் ஒட்டியிருந்த எண்களை முதல் முறையாகப் படித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. ஆறு.

நான்கு மாதம் தினமும் இதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேறு எந்த எண் இல்லாவிட்டாலும் கவனித்திருப்பேன். நான்கு இல்லாததை எங்கள் ஊரில் யார் கவனிப்பார்கள்? நான் பிறந்த ஆஸ்பத்திரியில் நான்காம் மாடி கிடையாது. சித்தப்பாவின் வண்டி எண்ணில் நான்கு கிடையாது. வாயால் சொன்னால் சாவு என்பது போல் காதில் விழும் எண் அது. அது இல்லாத இடத்தில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். கணினிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணியிருந்தது.

நிறுத்து பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. துடிப்பு நின்றது. திரையில் முப்பத்தேழு என்று நின்றிருந்தது.

கீழே பாட்டு நின்று, வண்டி நகர்ந்தது.

மூன்றாம் முறை நான் அழைத்தபோதுதான் அக்கா எடுத்தார். பின்னால் கிண்ணங்கள் மோதும் சத்தமும் யாரோ வாழ்த்துச் சொல்லும் சத்தமும்.

"அக்கா, பெட்டியில நாலு எங்க?"

"எந்த நாலு?"

"நாலாவது கதவு."

"அதை யார் ஒட்டுவா? ஒரு தடவை ஒட்டினேன், அதுல போட்ட டிஸ்க் மூணே மாசத்துல போயிடுச்சு. கிழிச்சுட்டு அஞ்சுன்னு ஒட்டினேன். ஏன்?"

நான் திரையையும் கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மோஹான்," என்று என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"திரையில அஞ்சாவதா இருந்ததைத்தான் போட்டேன்க்கா. பெட்டியில அது ஆறு, துவானோடது."

பின்னால் இருந்த சத்தம் குறைந்தது. அவர் மண்டபத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மழைச் சத்தம் கேட்டது. அங்கேயும் மழை.

"எவ்வளவு?" என்றார்.

"முப்பத்தேழு."

"நிறுத்திட்டியா?"

"ம்."

"அவன் நாள் வரிசையா நிரப்பியிருந்தான், இல்ல?"

"ஆமாக்கா."

அவர் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன். தட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் நிறைந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் இப்போது வெறும் சுழியங்கள். காவ்சியோங் துறைமுகத்தில் கயிறு அவிழ்த்ததிலிருந்து எப்படியும் ஏழெட்டு மாதம். மிச்சத்தைத் தெரிந்தவர் யாராவது தோண்டி எடுக்கலாம். எழுதப்பட்டதன் அடியில் இருந்ததை யாராலும் எடுக்க முடியாது.

"கேளு," என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்த டிஸ்க்கை வெளியில எடு. எதையும் திறக்காத, எதையும் அழுத்தாத. அடுத்த ரயில்ல வர்றேன். துவான்கிட்ட நான் சொல்றேன். எண்ணை ஒட்டினது நான். நீ சொல்லாத. புரியுதா?"

"நான்தான்க்கா சோதிக்கலாம்னு சொன்னேன். நீங்க நேரா காப்பி பண்ணச் சொன்னீங்க."

"அதை இப்ப பேசாத. கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போ."

தட்டை வெளியே இழுத்தேன். இன்னும் சூடாக இருந்தது. ஒரு துணியில் வைத்து மேசை நடுவில் கிடத்தினேன். பையைத் தோளில் மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். கதவுப் பக்கம் திரும்பியபோது அழைப்பு மணி அடித்தது.

துவான் நின்றிருந்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் இனிப்புப் பீன்ஸ் கஞ்சி நிரப்பிய பை, இன்னொரு கையில் போன். போன் திரையில் பல் இல்லாத ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"லியாவ் அக்கா இல்லியா? பரவாயில்ல, நீ இருக்கியே." ஷூவைக் காலாலேயே கழற்றி எறிந்தார். "இவன் யாருன்னு தெரியுதா? எங்க கப்பல் சமையல்காரன், கிழவன் ஷி. கிழவா, இந்தப் பொண்ணுதான் உன் முகத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கறவ."

"வணக்கம் பொண்ணே," என்றது போன். "இவனை நம்பாத. ஏறின முதல் நாளே வாந்தி எடுத்தவன்."

"அது இல்லடா விஷயம். முதல் நாள் இவன் என்னைப் பாத்து, மூணு நாள்ல நீ அழுதுட்டே திரும்பிப் போயிடுவேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். இப்ப சொல்லவே இல்லைங்கறான்."

"சொல்லல. ஆதாரம் எங்க?"

"ஆதாரம் இங்கதான் இருக்கு. நான் பதிஞ்சு வச்சிருக்கேன். முதல் நாள், ரெண்டாவது கோப்பு, உனக்குப் பின்னாடி அரிசி மூட்டை." துவான் கஞ்சிப் பையை மேசையில், துணியில் கிடந்த தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். மழை நனைத்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார்.

"தங்கச்சி, ஒரே ஒரு உதவி. அந்த முதல் நாளை மட்டும் திற. முப்பது நொடி போதும், இவன் பாத்துக்கட்டும்."