துண்டுக்கு அடியில் நாலாவது விரல்

ஆம்பூர் தோல் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகன் கையும் வியாபாரி கையும் ஒரு துண்டுக்கு அடியில் சந்திக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. அந்தத் துண்டுக்கு அடியில் ஆதிகேசவனாகிய நான் ராஜ்யம் நடத்தினேன். என் பிடியைக் கேள்விப்பட்டு உடும்புகள் வேறு ஜில்லாவுக்குக் குடிபோயின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அந்தப் பிடி போனது. காலையில் சரியாக இருக்கும். உச்சிவேளையானால் இமை இரண்டும் தொங்கிவிடும். தாடை ஓய்ந்து, சோற்றை மென்று தரக் கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று யோசிப்பேன். ஒருநாள் பிற்பகல், கலவை ஊரிலிருந்து வேலு விற்கக் கொண்டுவந்த ஆட்டுத்தோலுக்கு நாலு விரல் பிடிக்க வேண்டிய இடத்தில் கடைசி விரல் நழுவியது. வாங்க வந்த சர்தார் பாஷா மூன்று என்று எடுத்துக்கொண்டார்.

வேலு சொக்கிய என் கண்ணைப் பார்த்தான். தரகன் பட்டப்பகலில் குடித்திருக்கிறான், இனி இவன் துண்டுக்குள் யாரும் கையை விடாதீர்கள் என்று மண்டி முழுக்கச் சொன்னான். விரல் பொய் சொல்லிவிட்டால் தரகனுக்கு அங்கே இடமில்லை.

பாஷா மட்டும் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார்.

"சாராயம்னா நாறும். இது வேற இன்னாவோ பேஜார். கெளம்பு தோஸ்த், வேலூர் போலாம்."

வேலூரில் ஒரு டாக்டரம்மா என்னை விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமைகள் கடைப் படுதாபோல் இறங்கின. புதிதாக வந்த மருந்தொன்றை ஊசியில் போட்டார். கால்மணி நேரத்தில் என் இமைகள் புருவத்தைத் தாண்டி உச்சந்தலைக்கே போய்விட்டன. கூடவே வயிறு உருண்டு, வாயில் எச்சில் பெருகியது. பாலாற்றில்கூட அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. அதுவும் மருந்தின் வேலைதானாம்.

பாஷா விவரம் கேட்டார். நரம்பு தசையைத் தொடுவதில்லையாம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. நரம்பின் நுனியில் துளி ரசம் கசிந்து தசைக்குச் சேதி சொல்லுமாம். சொன்ன கையோடு உடம்பே அந்த ரசத்தை அழித்துவிடும். என் தசைக்குக் காது மந்தம். கேட்பதற்குள் ரசம் போய்விடுகிறது. அழிப்பதைக் கொஞ்சநேரம் தடுத்து வைப்பதுதான் மருந்தின் வேலை.

"அட, நம்ம துண்டு பேரந்தான்," என்றார் பாஷா. "கையை சட்டுனு உருவாதே, இன்னுங் கொஞ்சம் புடின்னு சொல்ற மருந்து."

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் நோய் தீராது, சில மணி நேரத்தில் பலம் இறங்கிவிடும், நாள்தோறும் மருந்து வேண்டும் என்றார். என் முகம் விழுந்தது.

"அப்ப ஊசி போட்டுக்கினு வா," என்றார் பாஷா. "நாங்க காத்துக்கினு இருக்கோம்."

மறுநாள் பிற்பகல் எங்கள் ஊர்க் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். வேலு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். குடிகாரன் பிடிக்குப் பயமா என்று பாஷா சீண்டிய பிறகே துண்டுக்குள் விட்டான். நாலு விரலையும் பிடித்தேன். டாக்டரம்மாவுக்கும் ஊசிக்கும் பாஷாவின் மூக்குக்கும் சேர வேண்டிய நன்றி முழுவதையும் அந்தக் கடைசி விரலில் வைத்தேன்.

மண்டி உண்டான நாள்முதல் யாரும் வாய்திறந்து சொல்லாத விலையை வேலு சொன்னான்.

"நாலுய்யா, நாலு! விடுய்யா!"

இருபது மைல் தள்ளியிருக்கும் விரிஞ்சிபுரம் கோயில் மணி அந்தச் சத்தத்தில் தானே அடித்ததாகக் கேள்வி.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை, எனக்கு ஊசி ஏறாமல் பிற்பகலில் ஒரு துண்டும் விரிந்ததில்லை. கம்பவுண்டர் வரத் தாமதமானால் தேடிப் போய்க் கூட்டிவந்தவன் வேலுதான்.