நெற்றிக் காசு

திலீபன் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ரூபாய்க் காசை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"சிங்கம் நேரா நிக்குதா? இப்ப புஸ்தகத்துல பக்கம் திருப்புற மாதிரி திருப்பு."

தமிழினி திருப்பினாள். பின்பக்கத்தில் ஒன்று என்ற எண் தலைகீழாக நின்றது.

"ஐய, செல்லாத காசுப்பா."

"செல்லும். மத்த காசுல ரெண்டு பக்கமும் நேரா இருக்கும். இது அடிக்கும்போது ஒரு அச்சு சுத்திக்கிச்சு. எங்க கம்பெனி பிரஸ்ஸுல அழுத்துற பீங்கான் இப்படி வந்தா ஒடச்சுக் கொட்டிடுவாங்க. சர்க்காரு பாரு, வெளிய வுட்டுட்டான்."

"எனக்குக் குடு."

"கம்பெனில காட்டிட்டு சாயங்காலம் தரேன் பாப்பா."

சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இட்லி ஆறுது" என்றாள் அவன் மனைவி வளர்மதி.

அன்று மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே திலீபன் பீங்கான் கம்பெனியில் பிரஸ் மெஷினின் முன்னால் சரிந்தான். விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

மறுநாள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒட்டியிருந்த ஒரு ரூபாயை வளர்மதி அப்போதுதான் கவனித்தாள். எண் பக்கம் மேலே இருந்தது. ஒட்டியவள் நாத்தனார் காசியம்மாள்.

"அண்ணி, இந்தக் காசு ஏது?"

"ஆஸ்பத்திரில குடுத்த சட்டையில இருந்துச்சு. சில்லற நெறய கெடந்துது. அவன் காசாவே இருக்கட்டும்னு ஒண்ண எடுத்தேன்."

வாசலில் வண்டி வந்து நின்றது. "தூக்கலாமா?" என்றார் ஒருவர். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அங்கே நெற்றிக் காசு எரிப்பவருக்குப் போய்விடும். சுவரோரம் நின்ற தமிழினி அப்பாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு பேர் குனிந்தார்கள். வளர்மதி அவர்களுக்கு நடுவே கையை நுழைத்துக் காசைப் பெயர்த்தாள்.

"அடியே! நெத்திக் காசுலயா கைய வைக்கிற? ஒத்த ரூபாய்க்கு இப்படி அலையிறியே!" என்று கத்தினாள் காசியம்மாள்.

பறை நின்றுவிட்டது. குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வளர்மதி முந்தானையில் சந்தனத்தைத் துடைத்தாள். சட்டைப்பையில் கிடந்த வேறு காசாகவும் இருக்கலாம். சிங்கத்தை நேராகப் பிடித்தாள். பக்கம் திருப்புவதுபோல் திருப்பினாள்.

பிறகு மகளின் கையை இழுத்து, காசை வைத்து, விரல்களை மூடினாள்.

"அண்ணி, வேற ஒண்ணு வைங்க."

காசியம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூடியிருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தாள். தன் பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் எடுத்து, தம்பியின் நெற்றியில் அழுத்தி ஒட்டினாள். தூக்கினார்கள்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு தமிழினி கையைத் திறந்தாள். சிங்கத்தின் பிடரியில் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. காசைத் திருப்பினாள்.

ஒன்று தலைகீழாகவே நின்றது.