எழுதாமல் விட்ட சுற்று

சிவப்பு கார் பந்தயக் கோட்டைத் தாண்டுகிறது, கமலவேணி எதிரே தொங்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் நேரத்தை எழுதுகிறாள், எழுதிய கையோடு இடது டப்பாவிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது டப்பாவில் போடுகிறாள், டக், இனி இருபத்து நான்கு நொடிக்கு அவளுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை, சேலையில் அப்பிய களிமண்ணைத் தட்டிவிடலாம், பக்கத்தில் இருக்கும் டார்லீன் நீட்டுகிற வேர்க்கடலையில் இரண்டை வாயில் போடலாம், அதற்குள் கார் மறுபடி வந்துவிடும், இது இன்று நடக்கிறதா ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததா என்று கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்லத் தெரியாது, ஏனென்றால் பெஞ்சு அதே பெஞ்சு, டார்லீன் அதே டார்லீன், இருவர் தலையும் வெளுத்துப்போனதுதான் வித்தியாசம், விஸ்கான்சினின் இந்தப் பழைய மண்பாதையில் இன்று பழைய கார்களுக்குத் திருவிழா, முப்பத்தெட்டாம் நம்பர் கார் மூன்றே மூன்று சுற்று வரப்போகிறது, டாக்டர் கூடாதென்று சொன்ன ஒரே காரணத்துக்காக எண்பத்தாறு வயது வால்ட் கெம்பர் தானேதான் ஓட்டுவேன் என்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார், கீழே அவள் கணவர் சென்னியப்பன் காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துக் குனிந்து நிற்கிறார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே காது போய்விட்டது மனுஷனுக்கு, இப்போது கையால்தான் கேட்கிறார்.

அந்தக் கார் பிறந்தது மாட்டுக்கொட்டகையில், கோயம்புத்தூரில் பம்புசெட்டு வார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் இந்த ஊர் இரும்பு வார்ப்பு ஆலைக்கு வேலைக்கு வந்த வருஷம், கடைப் பாலில் தயிர் உறையவே மாட்டேன் என்கிறது என்று இவள் புலம்பியதால் வாளியைத் தூக்கிக்கொண்டு கெம்பர் பண்ணைக்குக் கறந்த பால் வாங்கப் போனார், கொட்டகைக்குள் ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, பாலை மறந்துவிட்டு உள்ளே போய் இதில் ஒரு வால்வு தாமதமாக மூடுகிறது என்றார், வால்ட் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் மூன்று மணி நேரம், வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் எண்ணெய், வாளி காலி, அன்றைக்குத் தொடங்கியதுதான் கெம்பர் பண்ணை அணி, பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது, வண்டியை இழுத்துப்போனது பண்ணை டிராக்டர், கொட்டகைக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயிண்ட்தான் காருக்கும், மாடுகள் முப்பத்தெட்டு என்பதால் நம்பர் முப்பத்தெட்டு, ஒரு கன்று பிறந்தபோது முப்பத்தொன்பது என்று மாற்றிவிடலாமா என்று வால்ட் உட்கார்ந்து யோசித்தார், சென்னியப்பன் சிரிக்காமல் தடுத்தார். முழுப்பெயர் வாயில் நுழையவில்லை என்று அவரை எல்லோரும் சென் என்று கூப்பிட்டார்கள், எவ்வளவு பார்த்தும் சென்னால் தீர்க்க முடியாத ஒன்று அந்த எஞ்சினில் இருந்தது, நாலு முறை சீராக உறுமும், ஐந்தாவதில் சின்னதாக ஒரு விக்கல் விக்கும், கமலவேணி தன் சமையலறையில் நின்றபடியே, பண்ணைப் பக்கமிருந்து வரும் அந்த விக்கலை எண்ணுவாள்.

அந்தக் காலத்தில் சுற்றை எண்ண மெஷின் கிடையாது, ஒவ்வொரு அணியும் தன் காரைப் பார்த்து எழுத ஓர் ஆளைப் பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும், பெரும்பாலும் ஓட்டுகிறவரின் பெண்டாட்டி, வால்ட்டுக்குப் பெண்டாட்டி இல்லை, ஆகவே சென்னியப்பன் இவளிடம் வந்து நின்றார். ஏனுங்க, காரு எத்தன சுத்து சுத்துதுனு நான் என்னத்துக்குங்க எண்ணோணும், எனக்கு இங்கிலீசே பாதிதான் வருது என்றாள் இவள். எண்ணுறதுக்கு எதுக்கு கண்ணு இங்கிலீசு, பென்சிலப் புடிச்சுட்டு உக்காந்துக்கோ, கண்ணு மட்டும் கார விட்டு நவுரக் கூடாது. பென்சிலை அவள் முழுசாக நம்பவில்லை, அம்மா அனுப்பிய புளியில் இருந்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துக் காப்பி டப்பாவில் எடுத்துப் போனாள், இருநூறு சுற்றுக்கு இருநூறு கொட்டை, பந்தயம் முடியும்போது இடது டப்பா காலியாக வேண்டும், ஏழாம் நம்பர் காரை எழுத வந்த டார்லீனுக்கு அது ஒரே வேடிக்கை, நானும் எண்ணுறேன் குடு என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் கொட்டைகளை அவளே எண்ணிப் போடுவாள், ராசி என்பாள். ஊருக்குள் இவள் சேலை கட்டிய வார்ப்பு ஆலைக்காரர் மனைவி, பெயர்கூடத் தெரியாது, பெஞ்சில் மட்டும் அவள் கமலா, பத்து வருஷமாக ஒரு சுற்றையும் தவறவிடாத கமலா, அந்த ஒன்றரை அடி இடத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பெஞ்சுக்குத் தலைவி ஹேசல் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி, அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான், ஒரு சுற்றைத் தவறவிட்டால் அந்த வருஷம் முழுக்கப் பெஞ்சு ஏறக் கூடாது.

அந்தச் செப்டம்பர், அணி தொடங்கிப் பதினோராவது வருஷம், அதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை, இதுவும் போச்சுன்னா கொட்டகைய மாடுங்களுக்கே குடுத்துடுறேன் சென் என்று வால்ட் சொல்லிவிட்டார், சென்னியப்பன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, முப்பத்தெட்டு முன்னால் போகிறது, டார்லீனின் புருஷன் ஜீன் ஓட்டும் ஏழு பின்னாலேயே வருகிறது, நூற்றி முப்பத்தொன்று எழுதியாயிற்று, கடைசித் திருப்பத்தில் வேறு எவனோ சுழன்று குறுக்கே நிற்கிறான், புழுதி சுவர் மாதிரி எழும்புகிறது, சிவப்பு கார் அதற்குள் நேராகப் போய் மறைகிறது, மருதமலை முருகா, கமலவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள், இருட்டு, சத்தம், சத்தத்துக்கு நடுவே நாலு உறுமல் ஒரு விக்கல், போய்விட்டது, தாண்டிப் போய்விட்டது, கை தானாகக் கொட்டையைப் போட்டது, பென்சில் மட்டும் அசையவில்லை, கண்ணைத் திறந்தபோது எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்த சுற்றிலிருந்து எழுதினாள்.

முடிகிறபோது இடது டப்பா காலி, தாளில் நூற்றித் தொண்ணூற்று ஒன்பது. முப்பத்தெட்டு முதலில் கோட்டைத் தாண்டியும், தாளில் ஒரு சுற்று குறைந்ததால், கொஞ்ச நேரம் கழித்து வந்த ஏழுக்குத்தான் வெற்றிக்கான கட்டம்போட்ட கொடி விழுந்தது, வால்ட் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, முடிவுப் பலகையில் ஏழு என்று இருப்பதைப் பார்த்து, தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். ஹேசல் தாளை விரலால் தடவிக்கொண்டே வந்தாள், சுத்துக்குச் சுத்து இருபத்து நாலு நொடி, இருபத்து நாலு, இங்க மட்டும் நாப்பத்தொம்பது இருக்கே, உங்க கார் புழுதிக்குள்ள நின்னுதா. நின்றது என்றால் இவள் பெஞ்சும் பெருமையும் மிஞ்சும், கார் தோற்கும். கீழே சென்னியப்பன் அண்ணாந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணெய்க் கையில் துணியைப் பிசைந்தபடி. கார் நிக்கல, நான்தான் கண்ண மூடிட்டேன், எழுதல. பாக்காம விட்டது சரி, வந்துச்சுன்னு எப்படித் தெரியும். காதுல கேட்டுச்சு, கொட்டையப் போட்டேன். ஹேசல் டப்பாவைப் பார்த்தாள், புளியங்கொட்டைக்கு அவள் சட்டத்தில் இடமில்லை. அப்போது டார்லீன் எழுந்தாள், தன் புருஷன் ஜெயித்ததாகக் கொடி வாங்கி ஐந்து நிமிஷம் ஆகாத டார்லீன், வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து உதறினாள். இருநூறு கொட்டைய எண்ணிப் போட்டது நான், இவ கண்ண மூடினதையும் பாத்தேன், மூடிக்கிட்டே ஒண்ணு போட்டதையும் பாத்தேன், அப்போ முப்பத்தெட்டு எங்க மூக்குக்கு முன்னாடிதான் போச்சு, நான் பாத்தேன்.

ஹேசல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினாள், சுற்று நூற்றி முப்பத்திரண்டு, எழுதுபவர் கண்ணை மூடினார், கார் மூடவில்லை. பலகையில் ஏழை இறக்கி முப்பத்தெட்டை ஏற்றினார்கள், வால்ட் அழுதார், சென்னியப்பன் எண்ணெய்க் கையோடு எல்லார் முன்னாலும் இவள் கன்னத்தைத் தொட்டார், கோயம்புத்தூரில் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் செய்திருக்க மாட்டார். ஜீன் வீடுபோய்ச் சேரும்வரை வண்டியில் வாயைத் திறக்கவில்லையாம், வாசலில் இறங்கும்போது ஆப்பிள் பணியாரம் மீதி இருக்கா என்று கேட்டாராம், அதோடு சரி, டார்லீன் இதை இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வதில்லை. கமலவேணி அந்த வருஷத்து மீதிப் பந்தயங்களுக்கெல்லாம் கீழே நின்றாள், புருஷனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து நாலு சேலை பாழ், வசந்தத்தில் மறுபடி பெஞ்சு ஏறினாள், மாடுகளுக்குக் கொட்டகை கிடைக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது, அந்த ஆறு வருஷத்தில் அணி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இருக்கவில்லை, ஒன்றுதான் இருக்கிறதே.

இதோ வால்ட் வருகிறார், முதல் சுற்று மாடு மேய்ச்சலுக்குப் போகிற வேகம், இரண்டாவதில் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது, டாக்டர் எங்கோ தலையில் கை வைத்திருப்பார், கீழிருந்து சென்னியப்பன் அவளை அண்ணாந்து பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டுகிறார், இன்னும் விக்குதா என்று கேட்கிறார், இருக்குங்க, போகவேயில்லீங்க என்று அவள் தலையாட்டுகிறாள், அவருக்கு முகமெல்லாம் பல். மூன்றாவது சுற்று, கார் கடைசித் திருப்பத்தில் திரும்புகிறது, புழுதி எழும்புகிறது, கமலவேணி பென்சிலைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள், இந்த முறை பயமில்லை, வேண்டுமென்றேதான், நாலு உறுமல், ஒரு விக்கல், கை தானாக நகர்கிறது, டக்.

நான் பாத்தேன் என்றாள் டார்லீன்.