நீங்க முதல்ல

மூத்தவளின் பற்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. மூத்தவள் என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, வாயை அப்படியே வார்த்து, உடைந்த பல்லுக்கு மேல் மாட்டும் உறையைச் செய்து அனுப்புவோம். அன்று வந்த அச்சின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஊரில் இத்தனை பல் கூடங்கள் இருக்க, அவள் வாய் என் கைக்குத்தான் வர வேண்டுமா?

பிளாஸ்டர் காய்ந்ததும் அவளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைவாய்ப் பற்களின் மேடெல்லாம் மழுங்கித் தட்டையாகிக் கிடந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களின் வாய் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, சொந்த வீடு, சொன்ன பேச்சுக் கேட்கும் கணவர். இவள் எதற்குப் பல்லைக் கடிக்கிறாள்? கடிக்க வேண்டியவள் நானல்லவா?

உறையை ஒரு முடி அளவு உயரமாகச் செய்தால் போதும். ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் வலி மண்டை வரை தெறிக்கும். டாக்டரைக் குறை சொல்வாளே தவிர, என் நினைவே அவளுக்கு வராது. கையில் அரத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கச்சிதமாகத்தான் செய்து அனுப்பினேன். நல்ல மனசெல்லாம் ஒன்றும் கிடையாது. அவள் துடித்தால் யாரால் துடிக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அடித்த ஆள் தெரியாவிட்டால் அது என்ன பழி? அன்று சாயங்காலமே பரணுக்குக் கீழே கொக்கியில் தொங்கிய என் சைக்கிளை இறக்கினேன்.

ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு பேருமே டிரையத்லான் ஓடியவர்கள். குட்டிப் போட்டிதான். ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறி இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், நடுவில் ஓய்வே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் போவதைப் பார்த்து அவளும் வந்தாள். தண்ணீரைக் கண்டால் படியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு நீச்சல் பழக்கியது நான். முதல் வருஷம் என் பின்னால் வந்தாள், அடுத்த வருஷம் பக்கத்தில் வந்தாள். மூன்றாவது வருஷம் ஏரிக்கரைச் சாலையில், நடுவே வைத்த கூம்பைச் சுற்றி சைக்கிள்கள் திரும்புகிற இடத்தில், எனக்கும் கூம்புக்கும் நடுவில் இருந்த முழ இடைவெளிக்குள் நுழைந்து குறுக்கே வெட்டினாள். என் முன்சக்கரம் அவள் பின்சக்கரத்தில் உரசியது. அடுத்த நொடி நான் தரையில். வலது முட்டி இரண்டாகப் பிளந்திருந்தது.

கீழே கிடந்தபடி நான் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போனாள். அன்று கோப்பை அவளுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் எனக்கு.

சாயங்காலம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, "பின்னாடி என்னமோ சத்தம் கேட்டுச்சு. யாரோ தண்ணி பாட்டில தவற விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். நீ விழுந்ததே எனக்குத் தெரியாதும்மா, பாவம்" என்றாள். சுற்றி மாமியார், மாமனார், அவள் கணவர், என் கணவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள் என்று நான் சொன்னேன். மயக்க மருந்தின் வேகத்தில் உளறுகிறாள் என்று மாமியார் என் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். அதோடு அது வீட்டுக் கதையாகிவிட்டது. திருப்பத்தில் அவசரப்பட்டுத் தானே விழுந்தவள், பாவம். முட்டியில் தகடு வைத்தவள், பாவம். மாடிப்படி ஏறும்போது பாவம், பாத்திரம் தூக்கும்போது பாவம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லைத்தான் எனக்கு ஊட்டி வளர்த்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பாவம் என்று சொல்பவளை என்ன செய்வது?

அந்த வருஷப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. வேலைக்குப் போகும் முன் நகராட்சிக் குளத்தில் நீச்சல், வேலை முடிந்து சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். முதல் நாள் குளத்தின் பாதியிலேயே மூச்சு முட்டி, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பழைய நீச்சலுடை இடுப்பில் ஏறவே இல்லை. முட்டி படிக்கட்டில் இறங்கும்போது வேர்க்கடலை உடைப்பதுபோல் சத்தம் போட்டது. உடம்பு சொன்னது ஒன்று, வன்மம் சொன்னது ஒன்று, நான் வன்மத்தின் பேச்சைக் கேட்டேன். ஓடும்போது சிலர் பாட்டுக் கேட்பார்கள், சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். நான் ஒவ்வொரு அடிக்கும் பாவம், பாவம், பாவம் என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். தாளம் அருமையாக ஒத்துவந்தது.

"பழசெல்லாம் ஆறப் போடக் கூடாதா?" என்றார் என் கணவர், என் முட்டிக்கு ஐஸ் கட்டிக்கொண்டே.

"ஆறிடுச்சுங்க. ஆறினப்புறம்தான் இவ்ளோ கெட்டியாயிருச்சு."

அவர் ஐஸ் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்துகொண்டார். தன் அண்ணிக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் கல்யாணத்தன்றே கற்றுக்கொண்ட பாடம்.

செய்தி மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மூத்தவளே எடுத்தாள். நான் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தாள். சொல்லவில்லை நான்.

"ரேஸுக்குப் பேர் குடுத்திருக்கியாமே? நல்லது. பாவம், எத்தனை நாள் ஆசையோ. தனியாப் போகாத, நானும் வரேன் துணைக்கு."

"துணைக்கா?"

"ஆமா. வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"பெரியவளுக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு" என்றார் மாமியார். இந்த வயதிலும் அவள் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருப்பவள். வருஷத்துக்கு இரண்டு பதக்கம் அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஏறும். அவள் என்னோடு ஓட வரவில்லை, என்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறாள். அவளை ஜெயிக்க வேண்டும், அதுவும் மாமியார் கண்ணெதிரில். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

போட்டியன்று காலை ஏரி பாசி நாற்றத்தோடு இருந்தது. விசில் ஊதியதும் தண்ணீருக்குள் கையும் காலும் முட்டியும் முழங்கையுமாக ஒரு அடிதடி. அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது என் பாதத்தில் விரல்கள் உரசின. திரும்பாமலே தெரிந்தது. முன்னால் போகிறவரின் அலையில் ஒட்டிக்கொண்டு போனால் பாதிக் களைப்பு மிச்சம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். காலை ஓங்கி உதைத்து அவள் முகத்துக்கு நுரையாகக் கொடுத்தேன். குடிக்கட்டும். அவளுக்கு முன்னால் கரையேறினேன்.

சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்தில்தான் சொதப்பினேன். தலைக்கவச வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும் என்பது விதி. ஈர விரல்கள் வழுக்கின. ஒரு பல்லின் மேட்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் செதுக்குகிற விரல்கள், ஒரு கொக்கியை மாட்டத் தெரியாமல் தடுமாறின. அவள் வந்தாள், மாட்டினாள், போயேவிட்டாள். சாலையில் அவளுடைய சிவப்புச் சட்டையைக் கண்ணிலிருந்து விடாமல் மிதித்தேன். பிறகு அந்தத் திருப்பம் வந்தது. அதே ஏரிக்கரை, அதே கூம்பு, புதுச் சாயம் அடித்திருந்தார்கள். எதிரே யாருமில்லை, பின்னால் யாருமில்லை. என் கைகள் என்னைக் கேட்காமலே பிரேக்கை இறுகப் பிடித்தன. நடக்கிற வேகத்தில், கிழவி தெருவைக் கடக்கிற மாதிரி அந்தக் கூம்பைச் சுற்றினேன். சிவப்புச் சட்டை புள்ளியாகிவிட்டது. அங்கே ஒரு மூச்சு அழுதேன். துக்கத்தில் இல்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

ஓட்டத்தில் முதல் பாதி என் கால்கள் யாரோ கொடுத்த இரவல் கால்களாக இருந்தன. முட்டி வேர்க்கடலையை உடைத்துத் தள்ளியது. பாவம், பாவம் என்று ஆரம்பித்தேன், தாளம் பிடித்தது. ஒவ்வொருவராகப் பின்னால் விட்டேன். கடைசி வளைவு தாண்டியதும் சிவப்புச் சட்டை தெரிந்தது. முதலில் தந்திக்கம்பங்களைக் கணக்கு வைத்துக் குறைத்தேன், பிறகு மரங்களை, பிறகு அவள் நிழலையே மிதிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டேன். எல்லைக்கோட்டுக்கு மேல் கட்டியிருந்த அலங்கார வளைவு தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் மாமியார், பக்கத்தில் அண்ணன் தம்பி இருவரும் குடையோடு. ஒலிபெருக்கியில் மைக்காரர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். எனக்குள் இன்னும் ஒரு பாய்ச்சல் மிச்சமிருந்தது. இதற்காகத்தான் அதை வைத்திருந்தேன்.

அப்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், முகத்தைச் சுளித்தாள். ஆனால் வாய் மூடியிருந்தது. நிஜமாகவே தீர்ந்துபோனவர்கள் வாயால் மூச்சு விடுவார்கள். பல்வரிசையே தெரியும். வாய்களோடு வாழ்கிற எனக்கு அது தெரியாதா? இவள் மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, நான் கடந்து போவதற்கு வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். பாவம், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று.

என் கால் நின்றது. அவள் நடக்க ஆரம்பித்தாள், நானும் நடந்தேன். அவள் இன்னும் மெதுவாக நடந்தாள், நான் அதைவிட மெதுவாக. எல்லைக்கோட்டில் விரித்திருந்த நேரம் குறிக்கும் விரிப்புக்கு ஓரடி முன்னால் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"போ. நீ போ" என்றாள்.

"நீங்க முதல்ல. பெரியவங்க."

"அடம் பிடிக்காத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"எனக்கு இடுப்பு புடிச்சிருச்சு, முடியல. நீ போம்மா."

"பொய் சொல்லாதீங்கக்கா. நீங்க முதல்ல."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். வழுக்கைத் தலையர் ஒருவர் எங்கள் நடுவில் புகுந்து, மன்னிப்புக் கேட்டபடி ஓடி முடித்தார். கூட்டம் சிரித்தது. "அடடா, வீட்டு வாசல்ல நின்னு நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு உபசாரம் பண்ணிக்கிறாங்க பாருங்க! இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" என்று மைக்காரர் கத்தினார். மாமியார் பெருமையோடு கைதட்டுவது தெரிந்தது.

மூத்தவளின் முகத்தில் தலைமையாசிரியை காணாமல் போனாள். தாடை அசைந்தது, பல்லைக் கடித்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பார்த்தேன். போதுமா?"

"என்னது?"

"அன்னைக்கு. திரும்பிப் பார்த்தேன். நீ கீழ கெடந்த, ரத்தமா இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் போனேன். எத்தனை தூக்கம் போச்சு தெரியுமா எனக்கு? இப்பப் போ. போய்த் தொல."

இத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கேட்டதும் குளிரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் குளிரவில்லை. போதுமா என்கிறாளே. தூக்கம் போனதாம். எனக்கு முட்டி போயிற்று. காதோடு காதாக இரண்டு பேருக்குள் சொல்லிவிட்டால் எப்படிப் போதும்? அவள் பொய்யை ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அல்லவா சொன்னாள்?

மைக்காரர் சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "யாராச்சும் ஒருத்தர் காலை எடுத்து வைங்கம்மா! இல்லாட்டி ரெண்டு வார்த்தையாவது பேசுங்க!" என்று மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து மூத்தவளின் வாய்ப்பக்கம் திருப்பினேன்.

"இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

என் குரல் ஏரி முழுக்க ஒலித்துத் திரும்பி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமியார் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, காதருகே கையைக் குவித்து முன்னால் சாய்ந்தார். அவர் மகன்கள் இரண்டு பேரும் குடையைத் தாழ்த்தினார்கள். மூத்தவள் வாயைத் திறந்தாள். உள்ளே, கடைவாயில், மற்ற பற்களின் தேய்மானத்துக்கு நடுவே என் கையால் செய்த பல் மட்டும் புதிதாகத் தெரிந்தது. அவளுடைய மூச்சு மட்டும் ஒலிபெருக்கிகளில் ஏறி, ஏரிக்கரை முழுக்க எல்லோருக்கும் கேட்கும்படி வாங்கிக்கொண்டிருந்தது.