குப்பை என்று எழுதவில்லை

மழையும் பனியும் கலந்து முகத்தில் அடிக்காமல் இருந்திருந்தால் யசுயோ அந்தச் சாக்கே மதுக்கடைக்குள் கால் வைத்திருக்கவே மாட்டாள். ஆறு மணிக்கு நாட்டிய நிகழ்ச்சி. அவள் வந்து சேர்ந்தது நாலேமுக்காலுக்கு. அரங்கக் கதவில் பூட்டு தொங்கியது. ஒசாகாவில் கப்பல் பட்டறைகள் மூடிய பிறகு ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறிய ஆற்றங்கரைப் பேட்டை அது. சுவருக்குச் சுவர் சித்திரம் இருந்ததே ஒழிய, ஒதுங்கி நிற்க ஓர் இறவாணம் இல்லை.

மூன்று வாரமாக அவள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்றைக்கும் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "பத்திரிகையில் கலைப் பகுதி எழுதுறது நீங்க ஒருத்தர்தானே, குராமொச்சி-சான்" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

துணித்திரையை விலக்கி நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. நாற்காலி இல்லாத கடை. ஒன்பது பேர் நிற்கவேண்டிய இடத்தில் பதினாலு பேர் புளிமூட்டையாக நின்றார்கள். தலையில் துண்டு கட்டிய கடைக்காரி ஊற்றித்தரும் மேடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"வாங்க வாங்க! ஏய், எல்லாரும் தோளை ஒருக்களிச்சு நில்லுங்கப்பா. ஒரு அம்மா நனைஞ்சுபோய் நிக்கிறாங்க, தெரியலே?"

வரிசை ஒரு சாண் நகர்ந்தது. ஈரக் கோட்டோடு யசுயோ இடையில் செருகிக்கொண்டாள். வலப்பக்கம் எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், கை முழுக்கத் தீப்பொறி பட்ட பழைய தழும்புகள். இடப்பக்கம் ஐம்பதைத் தொடும் ஒல்லி ஆள். மரத்தூள் ஒட்டிய கம்பளிச் சட்டை, கட்டைவிரலில் துணிக்கட்டு.

"என்ன ஊத்தட்டும்? இந்த வருஷம் பிழிஞ்ச புதுசு வந்திருக்கு" என்றாள் கடைக்காரி.

"ஏதாவது ஒண்ணு. சீக்கிரம் கிளம்பணும்."

"ஃபுசா அக்கா கடையில சீக்கிரம் கிளம்பினவங்க யாருமில்ல" என்றார் பெரியவர். "நான் முப்பது வருஷமா கிளம்பிக்கிட்டே இருக்கேன்."

"அதுக்கு ஒங்க வீட்டுக்காரம்மா எனக்கு மாலை போடணும், ஹிராமட்சு அண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஃபுசா கண்ணாடிக் குவளை நிரம்பி வழிந்து தட்டில் தேங்கும்வரை ஊற்றினாள். யசுயோ குனிந்து விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சினாள். குளிர்ந்த சாக்கே, நாக்கில் லேசாகப் பொங்கியது. மற்ற நாளென்றால் ரசித்திருப்பாள். இப்போது கண் சுவர்க் கடிகாரத்துக்கும் வாசலுக்கும் அலைந்தது. தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்துவைத்த பிறகுதான் மூச்சு சீராயிற்று. அவள் பெயர் வாராவாரம் அச்சில் வரும், படம் வராது.

"இசாகு, முள்ளங்கி ஆறுது பாரு. தின்னு" என்றாள் ஃபுசா.

யசுயோவின் கை குவளையோடு நின்றுவிட்டது. இடப்பக்கத்து ஆள் குச்சியால் முள்ளங்கியை நாலாகப் பிளந்தான். தின்னவில்லை.

இசாகு. நூற்றிருபது படகுப் பலகைகளைக் கிடங்கின் கூரையிலிருந்து தொங்கவிட்ட இசாகு. அவளுடைய அறுநூறு சொல் விமர்சனத்துக்கு ஆளான இசாகு.

"இன்னும் அந்தப் பத்திரிகைக்காரியை நெனச்சுக்கிட்டு இருக்கியா?" என்று யசுயோவின் தலைக்கு மேலாக ஹிராமட்சு கேட்டார். "விட்டுத்தள்ளுடா. அவளுக்குக் கயிறு கட்டத் தெரியுமா, பலகை இழைக்கத் தெரியுமா?"

"ஒரு வரி மனப்பாடமே ஆயிடுச்சு அண்ணே. 'இந்தப் பலகைகள் தொங்குகின்றன. ஏன் தொங்குகின்றன என்று அவற்றுக்கே தெரியவில்லை.' எப்படி எழுதியிருக்கா பாருங்க. எனக்கே சிரிப்பு வந்துது."

யாரோ சிரித்தார்கள். யசுயோவும் உதட்டை இழுத்துவைத்தாள். கிளம்பிவிடலாம் என்று பையைத் துழாவினாள். பின்னால் இருவர் சுவரோடு சுவராக நின்று பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தார்கள். நகர வழியில்லை. நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நீங்க பாத்தீங்களாம்மா, இவன் வேலையை?" என்று ஹிராமட்சு அவளையே கேட்டார். "கம்பி எல்லாம் நான் கட்டினது. கப்பல் பட்டறையில நாப்பது வருஷம் இரும்பு பத்தவச்ச கை. ஒரு முடிச்சு நழுவலை."

"நான்... அந்தச் சமயம் கொஞ்சம் வேலை" என்றாள் யசுயோ.

"நல்லவேளை, தப்பிச்சீங்க" என்றான் இசாகு. குரலில் கசப்பு இல்லை. அதுதான் அவளை மேலும் நெளியவைத்தது. "கடைசி வரியில 'இது கலை இல்லை, குப்பை'ன்னே போட்டுட்டா."

"குப்பைன்னு எழுதலையே!"

சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய் என்று அவளுக்கு உறைத்தது. இருபது வருஷம் ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்து எழுதிய பழக்கம், முந்திக்கொண்டுவிட்டது.

"'பழைய இரும்புக் கடையின் கூரையை நினைவூட்டுகிறது'ன்னுதான் எழுதினேன்" என்றாள், சின்னக் குரலில்.

பொரித்த மீன் தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஃபுசா சாக்கேப் புட்டியைக் கீழே வைத்தாள்.

"அடேயப்பா" என்றார் ஹிராமட்சு. "புலியைப் பக்கத்துல வச்சுக்கிட்டா புலிக்கதை பேசினோம்?"

இசாகு அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, வாய்விட்டுச் சிரித்தான். "நீங்கதானா? இவ்வளவு குள்ளமா இருப்பீங்கன்னு நெனக்கல. எழுத்தைப் பாத்தா ஆறடி இருப்பீங்க போலத் தோணுச்சு."

கடை முழுக்கச் சிரித்தது. அத்தோடு போயிருந்தால் போயிருக்கும். அவன் குவளையை அவள் குவளையோடு லேசாக இடித்துவிட்டு, நண்பனிடம் கேட்பதுபோல் கேட்டான்:

"கோவமெல்லாம் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். மேல் மாடத்துலேர்ந்து பாத்தப்பவும் அப்படித்தான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வாயைக்கூடத் திறந்தாள். அன்றைய சாயங்காலம் அப்படியே கண்ணில் வந்து நின்றது. வெளியே டாக்ஸி காத்திருந்தது. ஐந்து மணிக்கு நகரத்தின் மறுகோடியில் இன்னொரு திறப்பு விழா. கிடங்கின் மூலையில் இரும்பு ஏணிப்படி, அதில் 'மேலே வந்து பார்க்கவும்' என்று எழுதிய அட்டை. அட்டையைப் பார்த்தாள். படித்தாள். கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். மூன்று வாரமாக ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததெல்லாம் அந்த அட்டையை மறக்கத்தான்.

"நான் மேல ஏறலை."

"என்ன?"

"ஏறவே இல்லை. வேற ஒரு விழாவுக்கு நேரமாச்சுன்னு கீழேர்ந்து பத்து நிமிஷம் பாத்துட்டுப் போயிட்டேன். அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

இசாகுவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் துணிக்கட்டுப் போட்ட கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேலேர்ந்து பாக்கத்தான் அதைச் செஞ்சேன்" என்றான் கடைசியில். "கீழேர்ந்து பாத்தா பலகைதான். மேல ஏறினா, சாயங்கால வெளிச்சத்துல நூத்திருபதும் ஒண்ணா அசையும். வெள்ளம் ஏறும்போது ஆறு அசையுற மாதிரி. அப்படித்தான் நான் நெனச்சேன். நீங்க எழுதினதைப் படிச்சதும், ஒருவேளை எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரியுதோன்னு சந்தேகம் வந்துட்டுது. இருபது வருஷமாப் பாத்து எழுதறவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

"டேய்" என்றார் ஹிராமட்சு. "பலகை எங்கடா இப்ப?"

"அறுத்துட்டேன்."

"அறுத்தியா?"

"ஞாயித்துக்கிழமை. பொதுக் குளியல் கூடத்து அடுப்புக்குக் குடுத்துட்டேன்."

பெரியவர் குவளையைக் கீழே வைத்தார். "நேத்து அந்தத் தண்ணியிலதானேடா நான் குளிச்சேன்! இன்னிக்கு என்ன இவ்வளவு நல்லா காய்ச்சியிருக்கான்னு அவனைப் பாராட்டிட்டு வேற வந்தேன்!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தகாமட்சுக்காரங்க?" என்று கேட்டாள் ஃபுசா. "அவங்க கலைக்கூடத்துல வைக்கணும்னு வந்து பாத்துட்டுப் போனாங்களே?"

"வேண்டாம்னு கடிதம் போட்டுட்டேன். முந்தாநாள்."

தான் எழுதியது அவனுக்கு வலித்திருக்கும் என்று யசுயோ நினைத்திருந்தாள். மறுப்பான், ஏசுவான் என்று நினைத்திருந்தாள். நம்புவான் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"அவங்க நம்பர் குடுங்க. நான் பேசறேன்."

"எதுக்கு? பலகையே இல்ல."

"அளவெல்லாம் என்கிட்ட இருக்கு" என்று ஹிராமட்சு மேடையைத் தட்டினார். "எந்தக் கம்பி எவ்வளவு நீளம், எந்த முடிச்சு எங்கே, எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன். பலகையா கிடைக்காது? ஆத்தோரம் போனா ஒடஞ்ச படகு எத்தனை கிடக்கு!"

"எனக்கு வேண்டாம் அண்ணே."

"ஒன்னைக் கேக்கலை."

ஃபுசா குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த பெயர் அட்டை ஒன்றைப் பிய்த்து மேடைமேல் வைத்தாள். "கலைக்கூடத்து அம்மா வந்தப்ப மூணு குவளை குடிச்சுட்டு இதைக் குடுத்துட்டுப் போனாங்க."

யசுயோ அங்கேயே நின்று, அத்தனை பேர் காது கேட்க, எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள். யசுயோ தன் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் சொன்னாள். இசாகுவின் வேலையைப் பற்றி எழுதியது தான்தான் என்றாள். அதை முழுதாகப் பார்க்காமலே எழுதினேன், எழுதியது தப்பு என்றாள்.

"இதை எழுத்துல தருவீங்களா?" என்று கடைசியில் கேட்டாள் அந்தப் பெண்.

"அச்சுலயே வரும்."

"திங்கக்கிழமை கூட்டம் இருக்கு. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

யசுயோ போனை வைத்து நிமிர்ந்தபோது இசாகு மேற்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

"இசாகு-சான்" என்று கூப்பிட்டாள்.

அவன் நின்றான். "இப்ப என்னால ஒங்ககூடப் பேச முடியாதுங்க. ஏதாவது தப்பாச் சொல்லிடுவேன்." துணித்திரை ஆடி அடங்கியது. ஹிராமட்சு தன் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நாட்டிய நிகழ்ச்சிக்கு அவள் போகவில்லை. கடை மேடை ஓரமாகவே நின்று, போனில் விரலால் தட்டித் தட்டி எழுதினாள். எழுபது சொற்கள்தான். 'படைப்பாளி ஏறிப் பார்க்கச் சொல்லியிருந்த மாடத்துக்கு நான் ஏறவில்லை. என் அவசரமே காரணம்' என்று எழுதியபோது, 'அவசரம்' என்பதை மாற்றி வேறு ஏதாவது நாசூக்கான சொல் போடலாமா என்று கை தயங்கியது. மாற்றவில்லை. ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுத்தான் தட்டில் தேங்கியிருந்த சாக்கேயைக் குவளையில் கவிழ்த்துக் குடித்தாள். ஃபுசா வெந்த முட்டை ஒன்றை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

ஆசிரியர் குதித்தார். பத்திரிகையின் மானமே போயிற்று என்றார். ஆனாலும் அச்சிட்டார், இரண்டு மாதத்துக்கு அவள் பத்தியையும் நிறுத்திவைத்தார். எதிர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் அவளைப் பார்க்கும் இடமெல்லாம், "படி ஏறியாச்சா?" என்று கேட்கத் தொடங்கினான்.

ஏப்ரலில் ஒருநாள், எழுத வேலையில்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து அலுத்துப்போய், அவள் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனாள். சாயங்காலம் நாலு மணி, கூட்டமில்லை. இசாகு மேடையின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான், தலையை அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நடுவில் நின்ற ஹிராமட்சுதான் வானிலை, பேஸ்பால், தன் முழங்கால் வலி என்று இருவருக்கும் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். யசுயோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டால் என்ன சொல்வான், கேட்காமல் போனால் இன்றிரவு தூக்கம் வருமா என்று குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோட்டை எடுத்த நேரத்தில், இசாகு தன் குவளையைப் பார்த்தபடியே சொன்னான்: "தகாமட்சுல சரின்னுட்டாங்க. நவம்பர்ல. மறுபடியும் கட்டறோம், பழையது மாதிரி வராது. பலகை வேற, ஆறும் வேற."

"நான் வரலாமா?"

"டிக்கெட் வாங்கினா யார் வேணும்னாலும் வரலாம்."

"எழுத மாட்டேன்" என்றாள். "சும்மா பாக்கறேன்."

இசாகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். "அதென்ன, எழுத மாட்டேன்? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதுங்க. பாத்துட்டு எழுதுங்க."

ஹிராமட்சு வாயைத் திறந்தார். ஃபுசா அவர் குவளையை நிரப்பி அவர் வாயை அடைத்தாள்.

"சரி" என்றாள் யசுயோ. கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு, போவதா இன்னொரு குவளை கேட்பதா என்று தெரியாமல் நின்றாள்.