மூன்றாம் வாசிப்பு

லவீனாவின் கொப்பியில் 'அலோன்' என்ற சொல்லுக்கு நேரே "தனிமையில் மனம் வாடுவது" என்றும், 'லோன்லி'க்கு நேரே "பக்கத்தில் ஆளில்லாமல் இருப்பது" என்றும் சிவப்பு மையால் எழுதினேன். இரண்டையும் வேண்டுமென்றேதான் மாற்றி எழுதினேன். அவள் நம்பி, மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் லண்டன் மாப்பிள்ளை ஜொனதனைக் கட்டப்போகிறவள். லண்டன் விசாவுக்கு ஆங்கிலப் பேச்சுச் சோதனையில் பாஸ் பண்ண வேண்டுமென்று, மதிலில் ஒட்டியிருந்த என் விளம்பரத்தைப் பார்த்துக் கோப்பாயிலிருந்து மானிப்பாய்க்கு பஸ் ஏறி வந்தவள். ஆறு வருடங்களுக்கு முன் அதே சோதனையில் நான் பெயில். அப்போது எங்கள் தேவாலயத்தில் ஜொனதனுடைய பெயரையும் என் பெயரையும் சேர்த்து, கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய விவாக அறிக்கையை இரண்டு ஞாயிறு வாசித்திருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு, கத்தரிப்பூ நிறப் புதுச் சேலையோடு முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். போதகர் எங்கள் பெயர்களை வாசிக்கவில்லை. இங்கிலிஷ் வராத பிள்ளையைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று முதல்நாளே அவன் நிறுத்திவிட்டானாம். சபை முழுவதும் என் முதுகைப் பார்த்தது. அந்தப் பார்வைகளை வைத்துத்தான் நான் ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தேன்.

'பிரிங்', 'டேக்', 'ஹியர்', 'லிஸன்' என்று ஒன்பது பக்கம் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவள் வரும்போதெல்லாம் மல்லிகைப்பூ கொண்டுவந்து மேசையில் வைப்பாள். அதற்கும் நான் இளகவில்லை.

வெள்ளிக்கிழமை கொழும்பில் சோதனை. புதன்கிழமை கடைசி வகுப்பு. அவள் கொப்பியைத் திறக்காமலே இருந்தாள்.

"ரெண்டு வாசிப்பு முடிஞ்சுது ரீச்சர். பெயில் விட்டா மூண்டாவதை நிப்பாட்டிப்போடுவாராம். முந்தியும் ஒருத்திக்கு அப்பிடிச் செய்தவராம். பேர் சொல்லமாட்டார். 'அந்தப் பெயில் கேஸ்' எண்டு சொல்லிச் சிரிக்கிறார்."

நான் கொப்பியை இழுத்தெடுத்தேன். முதலாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு வெட்டினேன்.

"உது முழுக்கப் பிழை. வேணுமெண்டுதான் எழுதினனான்."

"ஏன் ரீச்சர்?"

"அந்தப் பெயில் கேஸ் நான்தான்."

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப சரியானதைச் சொல்லித் தாங்கோ."

"பாஸ் பண்ணும். பிறகு வேண்டாம் எண்டு சொல்லுறது உம்மடை வாயிலை இருக்கட்டும்."

வெள்ளி பின்னேரம் அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: பாஸ்.

ஞாயிறு காலை கோப்பாய்த் தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். இடப்பக்கம் பெண்களோடு லவீனா. வலப்பக்கம், ஆண்களின் முன் வாங்கில், கலியாணத்துக்காக லண்டனிலிருந்து வந்திருந்த ஜொனதன்; கழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். தடை அறிந்தவர் எவரும் இருந்தால் சொல்லலாம் என்று வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

லவீனா எழும்பினாள். நடுவழியைத் தாண்டிப் போய் ஜொனதனின் மடியில் கொப்பியை வைத்தாள். பிறகு போதகரைப் பார்த்து, "எனக்கு வேண்டாம்" என்றாள்.

அவன் அட்டையைத் திருப்பினான். ஆசிரியர் பெயர் எழுதும் கோட்டில் என் பெயர் இருந்தது. அந்தத் தடித்த கழுத்து மெல்லப் பின்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஆறு வருடம் பெட்டிக்குள் கிடந்த கத்தரிப்பூச் சேலையின் தலைப்பை நான் தோளில் சரிசெய்துகொண்டேன்.